சென்ட்ரலுக்கு வடக்கேயும் சென்னைதான்

சென்னையைச் சுற்றிக்காட்டும் நிறுவனத்தாருக்கும், விடுதிகளில் வெளியூர் விருந்தினருக்கு வழி சொல்லும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

உங்களில் ஒருவர் தம் விருந்தினர்களுக்குக் கொடுக்கும் அச்சிட்ட அட்டை ஒன்று போன மாதம் என் கைக்கு வந்தது. ஒரு பக்கம் வரைபடம், மறுபக்கம் அறிவுரைகள். வரைபடம் சென்ட்ரல் ரயில் நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே வெறும் வெள்ளைத்தாள். மறுபக்கம் ‘தவிர்க்க வேண்டியவை’ என்ற தலைப்பு. அதன் கீழே குழாய்த் தண்ணீர், தெருவோரத்தில் நறுக்கி வைத்த பழம், இவற்றோடு ‘வட சென்னை’ என்று ஒரு வரி. எந்தத் தெரு, எந்த நேரம், என்ன காரணம் என்று எதுவுமே இல்லை. லட்சக்கணக்கான பேர் குடியிருக்கும் ஒரு பகுதியை இரண்டே சொல்லில் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

அட்டையைக் கொண்டுவந்தவர் கொச்சிக்காரர். துறைமுக வேலையாக எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். நான் லிங்கிச் செட்டித் தெருவில் துறைமுகச் சரக்குக்குச் சுங்க வேலை முடித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிறந்தது, படித்தது, கல்யாணமாகிப் பிள்ளை வளர்த்தது எல்லாம் பழைய வண்ணாரப்பேட்டையில். அவர் அட்டையைப் பிரித்துவைத்து, “நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடம் இதில் எங்கே இருக்கிறது மேடம்?” என்று கேட்டார். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். காட்டுவதற்கு அந்தத் தாளில் இடம் இல்லை.

அப்புறம் விசாரித்துப் பார்த்தேன். அரைநாள் சுற்றுலாவில் முன்பு எங்கள் பக்கத்துப் பாரிமுனையும் தங்கசாலையும் இருந்ததாம். இப்போது அந்த நேரத்தை ஒரு ஷாப்பிங் மாலுக்குக் கொடுத்துவிட்டார்களாம். இன்னொரு நிறுவனத்தின் முழுநாள் திட்டத்தில் மெரினாவுக்குக் கால் மணி நேரம், மயிலாப்பூருக்கு அரை மணி நேரம், மீதி நேரமெல்லாம் மாமல்லபுரம் போய்வரும் சாலையில். மாமல்லபுரம் பார்க்க வேண்டிய இடம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது வேறு ஊர். அதைக் காட்டிவிட்டு ‘சென்னை ஒரே நாளில்’ என்று எப்படி விற்கிறீர்கள்?

நகரம் தொடங்கியது எங்கே என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 22 அன்று சென்னை தினம் என்று விடுதி வாசலில் கோலம் போடுகிறீர்கள். 1639இல் அந்தத் தேதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறிய கடற்கரை நிலத்தில்தான் செயின்ட் ஜார்ஜ் கோட்டை எழுந்தது. கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்றமும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் இடத்தில்தான் முதலில் நெசவாளரும் வணிகரும் மொழிபெயர்ப்பாளர்களான துபாஷிகளும் குடியிருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் கோட்டையைப் பிடித்து மூன்று வருடம் வைத்திருந்த பிறகு, அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. ஜனங்கள் இன்னும் வடக்கே தள்ளிப்போய்க் கட்டிக்கொண்ட ஊர்தான் இன்றைய ஜார்ஜ் டவுன். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை, சரி. திருவொற்றியூரும் அப்படித்தான், அது எங்கள் பக்கம். ஆனால் சென்னைப் பட்டணம் என்ற பெயரில் ஒரு நகரம் வளர்ந்தது இந்தத் தெருக்களில்தான். அவற்றை வெள்ளைத்தாளாக விட்டு அச்சடித்த வரைபடத்தைச் சென்னை வரைபடம் என்று நான் ஏற்க மாட்டேன்.

வெளியூரிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் வேலை முடிந்ததும் கேட்பது ஒன்றுதான்: “ஒரு நாள் இருக்கிறது, எங்கே போகலாம்?” நான் அவர்களுக்குச் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது இது.

விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர் போகும் மெட்ரோவில் ஏறினால், வண்டி மாறாமல் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். அதற்கு அடுத்தது மண்ணடி. 2019இல் வண்ணாரப்பேட்டை வரைக்கும், 2021இல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துவிட்டது. ‘போக்குவரத்து வசதி இல்லை’ என்று உங்கள் ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். தயவுசெய்து ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

காலை ஏழரைக்கு உயர் நீதிமன்றத்துக்கு வெளியே நின்றால் வெயில் அந்தச் சிவப்புக் கட்டடத்தின் மேல் சாய்வாக விழும். 1892இல் திறந்த கட்டடம் அது. அதன் உயரமான கோபுரத்தின் உச்சியில் ஒரு காலத்தில் கலங்கரை விளக்கம் எரிந்தது. அதற்கும் முந்தைய கலங்கரை விளக்கமான பெரிய கல்தூண் இன்னும் அதே வளாகத்தில் நிற்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வீசிய குண்டுகளில் ஒன்று இங்கே விழுந்ததற்குச் சுற்றுச்சுவரில் கல்வெட்டு இருக்கிறது. உள்ளே போகக் கட்டுப்பாடு உண்டு. வெளியிலிருந்து பார்ப்பதற்கு யாரையும் கேட்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் கோட்டைக்கு அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். உள்ளேயிருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. 1680இல் கட்டி முடித்த செயின்ட் மேரி தேவாலயமும் அங்கேதான்.

அங்கிருந்து அரண்மனைக்காரத் தெரு. பெயர்ப்பலகையில் அரண்மனைக்காரர் இருந்தாலும் அது ஆர்மீனியர் தெரு. 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயத்துக்குள் நுழைந்தால் பிராட்வே இரைச்சல் சட்டென்று குறைந்துவிடும். தரையெல்லாம் எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள். உலகத்தின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தாரார்’ 1794இல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியாரும் இங்கேதான் அடக்கம். இதைக் கேட்டதும் முகம் மலராத வெளியூர்க்காரரை நான் பார்த்ததில்லை. அதே தெருவில் அந்தோணியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள், மெழுகுவத்தியோடு நிற்பவர்களில் எந்த மதத்துக்காரர் யார் என்று பிரிக்க முடியாது. சில அடி தள்ளிக் கச்சாலீஸ்வரர் கோயில். அடுத்த தெருவான தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள். சத்ரபதி சிவாஜி வந்து கும்பிட்ட கோயில் என்பார்கள். சுதேசமித்திரன் பத்திரிகையில் வேலை பார்த்த நாட்களில் பாரதியார் வந்துபோன கோயில் என்றும் இங்கே ஒவ்வொரு கடைக்காரரும் சொல்வார்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி, நாலு மணி வாக்கில்தான் திறக்கும். இது தெரிந்தும் பகல் பன்னிரண்டரைக்கு ஆட்களைக் கபாலீஸ்வரர் கோயில் வாசலில் இறக்கிவிடுகிறீர்கள். புனேயிலிருந்து வந்த என் நாத்தனார் குடும்பம், காசு கட்டிப் போன சுற்றுலாவில், சாத்திய கதவுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பியது. சூடான கல்லில் வெறுங்காலோடு நின்ற குழந்தை அழுததுதான் அவர்களுக்கு மயிலாப்பூர் ஞாபகம். நேரத்தைக் கொஞ்சம் மாற்றி வைத்திருந்தால் போதும், எல்லாரும் தரிசனம் பார்த்திருப்பார்கள்.

ஜார்ஜ் டவுனை நடந்துதான் பார்க்க முடியும். பேருந்து ஜன்னலிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு வியாபாரம் உண்டு. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். கொடவுன் தெருவில் துணி. ராசப்பச் செட்டித் தெருவில் நாட்டு மருந்து, அங்கேயே முருகன் கோயிலான கந்தகோட்டமும். வள்ளலார் சிறுவயதில் நின்று பாடிய சந்நிதி அது. அவர் குடியிருந்த வீடு ஏழுகிணறு வீராசாமித் தெருவில் இருக்கிறது. அந்த ஏழுகிணற்றிலிருந்துதான் 1770களில் கோட்டைக்குத் தண்ணீர் போனது. இந்த நகரத்தின் முதல் குடிநீர்த் திட்டம் அதுதான்.

வியாபாரத்தைப் பார்க்க வேண்டுமானால் வேலை நாளில், பதினோரு மணிக்குள் வர வேண்டும். அதற்கு மேல் மூட்டை வண்டிகளுக்கு நடுவே நிற்க இடம் கிடைக்காது. கட்டடங்களைப் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு காலை. மொத்தக் கடைகள் மூடியிருப்பதால் தூணும் மாடமும் மரவேலைப்பாடும் கண்ணில் படும். சாப்பிட வருகிறவர்கள் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் தங்கசாலைத் தெருவுக்கு வரட்டும். சௌகார்பேட்டையின் ஜிலேபி, பாதாம் பால், முறுக்குக்கு நடுவே காய் வைத்துத் தரும் சாண்ட்விச் எல்லாம் அங்கே. பீச் ஸ்டேஷன் பக்கம் செகண்ட் லைன் பீச்சில் அத்தோ வண்டிகள். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், மேலே நொறுக்கிய பேஜோ என்ற பொரித்த தட்டை, கூடவே வாழைத்தண்டு சூப். உலகத்தில் வேறு எந்த நகரத்திலும் இந்தச் சுவைக்குப் பின்னால் இந்தக் கதை இருக்காது. நோன்பு மாதத்தில் மண்ணடி இரவுகளை நேரில் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

பீச் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி பக்கம் போகும் மின்ரயிலில் அடுத்த நிறுத்தம் ராயபுரம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அந்தத் தூண் வரிசைக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அந்தக் காலத்து ரயில் நிலையக் கட்டடங்களில் இந்தியாவில் இன்றும் நிற்பவற்றில் இதுதான் மிகப் பழையது. வேறு நாடாக இருந்தால் இதற்கென்றே ஒரு சுற்றுலா இருக்கும். உங்கள் துண்டுப் பிரசுரம் எதிலும் இதன் பெயரைக்கூட நான் பார்க்கவில்லை. நடை தூரத்தில் படகுத் தொழிலாளர் சமூகம் எழுப்பிய ராயப்பர் தேவாலயம், பார்சிகளின் அக்கினிக் கோயில் (மற்றவர்கள் உள்ளே போக முடியாது, வெளியிலிருந்துதான்), 1949 செப்டம்பர் 18 அன்று தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் நடந்த ராபின்சன் பூங்கா. பெரம்பூர்ப் பக்கம் போனால் பின்னி நெசவாலைத் தொழிலாளர்களை வைத்து 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. இந்த மாநிலத்தின் அரசியலைப் புரிந்துகொள்ள நினைக்கும் ஒருவருக்கு இதைவிடத் தேவையான இடங்கள் எவை?

திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் தியாகராஜர் கோயிலும் வடிவுடையம்மனும். தேவார மூவரும் பாடிய தலம், ராஜேந்திர சோழன் காலத்துக் கற்றளி. கவசத்தோடு இருக்கும் மூலவரைக் கவசம் இல்லாமல் பார்க்கக் கிடைப்பது கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாள் மட்டும். கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதி. அதையும் சொல்லி அனுப்புங்கள்.

பத்திரம் பற்றிப் பேசாமல் தப்பித்துக்கொள்ள நான் நினைக்கவில்லை. வெளியூர்க்காரருக்கு எச்சரிக்கை வேண்டும். ஆனால் உதவுகிற எச்சரிக்கை வேண்டும். பூக்கடைக் கூட்டத்தில் கைப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பர்மா பஜாரில் பெட்டியைத் திறந்து பார்க்காமல் மின்சாதனம் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ராஜாஜி சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் கண்டெய்னர் லாரிகள் ஓடும், குழந்தையோடு குறுக்கே கடக்க வேண்டாம். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கமெல்லாம் அலுவலகங்கள் மூடியபின் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். ராத்திரியில் தங்கசாலை, மண்ணடி போல ஜனம் இருக்கும் தெருவாகப் போகட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழை பெய்தால் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் வந்தால் நடக்க இதமாக இருக்கும். மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைக் காற்று எங்கள் நுரையீரலுக்குள் போகிறது என்பதையும் மறைக்க வேண்டாம். இந்த நகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் அங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதில் எந்த எச்சரிக்கைக்கும் இடமும் நேரமும் காரணமும் இருக்கிறது. ‘வட சென்னையைத் தவிர்க்கவும்’ என்பதில் இவை எதுவுமே இல்லை. அது ஜனங்களைப் பற்றிய தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை நாங்கள் தினமும் சுமக்கிறோம். இரவு எட்டு மணிக்குத் தி.நகரில் கார் கூப்பிட்டு, போக வேண்டிய இடம் வண்ணாரப்பேட்டை என்று தெரிந்ததும் சவாரியை ரத்து செய்கிறார்கள். என் தங்கை மகள் நன்றாகப் படித்தவள். நேர்முகத் தேர்வில் முகவரி சொன்னதும், “அங்கேயிருந்தா வருகிறீர்கள்? பார்த்தால் தெரியவில்லையே” என்றார்கள். பாராட்டுகிறோம் என்று நினைத்துச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். இந்த எண்ணத்தை நீங்கள் உண்டாக்கவில்லை, தெரியும். ஆனால் அதை அழகான தாளில் அச்சடித்து, ஊருக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கிறீர்கள்.

ஒதுக்குவது ஒரு வகை என்றால் இன்னொரு வகையும் நடக்கிறது. காசிமேட்டுக்கு ஒரு குளிர்சாதன வேன் வருகிறது. மீன் ஏலக் கூடத்துக்குப் போவதில்லை. குடியிருப்புத் தெருவில் மெதுவாக ஊர்ந்து, ஒலிபெருக்கியில் ஏதோ சொல்ல, ஜன்னல் வழியே கேமராக்கள் நீளுகின்றன. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்ணை, வாசலில் குளிக்கிற குழந்தையைப் படம் எடுக்கிறார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இறங்கி ஒரு டீகூடக் குடிப்பதில்லை. அந்தத் தெருவில் எனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த வேன் வரும்போது அத்தை கதவைச் சாத்திக்கொள்கிறார். தன் வீட்டு வாசலில் தான் நிற்க முடியவில்லை என்று அவர் சொல்வதை நீங்கள் கேட்க வேண்டும்.

காசிமேட்டைக் காட்ட ஒழுங்கான வழி இருக்கிறது. விடிவதற்கு முன்னால் ஏலத்துக்கு வாருங்கள். வஞ்சிரமும் சங்கராவும் நண்டும் கூடை கூடையாக இறங்க, பெண்கள் நின்று விலை கேட்டு எடுக்கிற வேகத்தைப் பாருங்கள். தரை வழுக்கும், பழைய செருப்பு போதும். ஐஸ் வண்டிக்கு வழி விடுங்கள். முகத்தைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வந்து ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்லக் கூடாது. இந்தச் சின்னத் தகவல்கூட உங்கள் வழிகாட்டிக்குத் தெரியவில்லை என்று மே மாதத்தில் வந்து ஏமாந்த ஒரு ஜோடி எங்கள் தெரு டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனது.

நான் கேட்பது இவைதான்.

அந்த அட்டையிலிருந்து ‘வட சென்னை’ என்ற வரியை எடுங்கள். ஏற்கெனவே அச்சடித்து வைத்திருப்பதை இனி யார் கையிலும் கொடுக்காதீர்கள். எச்சரிக்கை எழுத வேண்டுமானால் தெருவின் பெயர், நேரம், காரணம் மூன்றையும் எழுதுங்கள், அதே அளவுகோலில் தென் சென்னைக்கும் எழுதுங்கள். வரைபடத்தைத் திருவொற்றியூர் வரைக்கும் நீட்டி, மெட்ரோ நிலையங்களைக் குறியுங்கள்.

ஜார்ஜ் டவுனையும் ராயபுரத்தையும் சேர்த்து அரைநாள் நடைச் சுற்றுலா ஒன்றை உங்கள் திட்டத்தில் திரும்பச் சேருங்கள். அதை நடத்த இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளைப் பயிற்சி கொடுத்து, முறையான சம்பளத்தில் வேலைக்கு எடுங்கள். இந்தியும் தெலுங்கும் ஆங்கிலமும் பேசுகிற பிள்ளைகள் சௌகார்பேட்டையிலும் மண்ணடியிலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்ற பதிலை ஏற்க மாட்டோம்.

குடியிருப்புத் தெருக்களுக்குள் வேன் ஓட்டி, ஜன்னலிலிருந்து ஜனங்களைப் படம் எடுக்கவைப்பதை இந்த வாரமே நிறுத்துங்கள். கோயில்களுக்குப் போகும் நேரத்தை நடை திறந்திருக்கும் நேரத்துக்கு மாற்றுங்கள், மயிலாப்பூர் உட்பட.

அட்டையை மறுபடி அச்சுக்கு அனுப்பும் முன், அதன் படியை இங்கே குடியிருப்பவர்களிடம் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். படித்துத் திருத்தித் தர நானும், எங்கள் தெருவில் ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றவர்களும் தயார். அதற்குக் காசு வேண்டாம். பொங்கலுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் அந்த அட்டையின் நகலோடு சுற்றுலாத் துறையிடம் முறைப்படி புகார் கொடுப்போம். கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம்.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து,
ஒரு குடிமகள்